நானும் என்ற சொல்

பழிச்சொல் எப்போதும் பற்களைக் கடித்துக்கொண்டு வருவதில்லை. புன்னகை பூத்து, பாராட்டுப் போலவும் வேடிக்கை போலவும் வருவதுண்டு. சொன்னவர் மறுகணமே மறந்துவிடுவார். கேட்டவர் நெஞ்சிலே அது முள்ளாய்த் தங்கும். அந்த மறதியைக் குலைத்த மாணவர் கலைப்படைப்பொன்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்கள், 2014 மார்ச்சுத் திங்களில், ‘நானும் ஹார்வர்டுதான்’ என்ற பொருள்படும் பெயரில் நாடகமொன்றும் நிழற்பட வரிசையொன்றும் படைத்தனர். லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பினக் கவிஞரின் ‘நானும்’ என்ற கவிதையை நினைவூட்டும் பெயர் அது. மாணவர் பலரைக் கண்டு கேட்ட செய்திகளே நாடகமாயின. படங்களிலோ, மாணவர்கள் பலகை ஏந்தி நிற்கின்றனர். பலகையிலே, அவர்கள்மீது வீசப்பட்ட சொல். அல்லது அவர்கள் தரும் மறுமொழி. ‘உனக்குப் படிக்கத் தெரியுமா?’ என்ற கேள்வி ஒன்று. கறுப்பராய்ப் பிறந்ததால் எளிதில் இடம் கிடைத்தது என்ற ஏளனம் மற்றொன்று!

சொல் மட்டும் இருந்தால் அது முறையீடு. முகம் மட்டும் இருந்தால் அது வெறும் படம். இரண்டும் இணைந்ததும் காண்பவர் தப்ப வழியில்லை. பலகையைப் படிக்கிறார், படித்த வாய் மூடுமுன், எதிரே அந்த விழிகள்! இழிசொல்லை அவரே அம்முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடுகிறது. இதுவே இப்படைப்பின் வெற்றி என்போம்.

1922-இல் அப்பல்கலைக்கழகத் தலைவர் லோவெல், முதலாண்டு மாணவர் விடுதியில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்றார். கண்டனம் கிளம்பிற்று, 1923-இல் ஆட்சிக்குழு அம்முடிவை மாற்றிற்று. அன்று கதவு தடுத்தது; பின்னாளில் கதவு திறந்தது, நாக்கு தடுத்தது!

ஆக்ஸ்போர்டு மாணவர்களும் அதே ஆண்டு இம்முறையைப் பின்பற்றினர். உடனே, ‘நாம் அனைவருமே ஆக்ஸ்போர்டு’ என்று எதிர்வரிசை எழுந்தது. இத்தகைய படங்கள் புதிதாய் வர விரும்புவோரை அஞ்சவைக்கும் என்றனர். நன்று! காயத்தைக் காட்டுவது குற்றம், காயப்படுத்தியது குற்றமில்லையா?

ஆயினும் குறையொன்று உண்டு. ‘நானும்’ என்னும் சொல் உள்ளே இடம் கேட்கிறது. வாயிலுக்கு வெளியே நிற்பவரைப் பற்றிப் பேசவில்லை. புகழ்பெற்ற கழகத்தின் பெயரைச் சான்றாகக் காட்டித்தான் ஒருவர் மதிப்புப் பெறவேண்டுமா? ஹார்வர்டைக் காணாத கறுப்பினத் தொழிலாளிக்கும் அதே மானம் உண்டன்றோ? அடுத்த பலகை அவர் கையில் இருக்கட்டும். அதில், ‘நானும் மனிதன்’ என்ற இரு சொற்களே போதும்.