துயரும் பாட்டும்: இளைய இராமலிங்கரின் தணிகைப் பாடல்கள்

தமக்கு நேர்ந்த இன்னல்களைக் கலைப்படைப்பாக மாற்றிவிட வேண்டும் என்னும் வேட்கை இளங்கலைஞர் பலரிடம் காணப்படுகின்றது. பாட்டும் நாடகமும் எழுத முனையும் இறையியல் மாணவரிடையேயும் இவ்வேட்கை உண்டு என்பதை நாம் அறிவோம். இது பழிக்கத்தக்கது அன்று. எனினும், துன்பம் உற்ற ஒரே காரணத்தால் எவரும் கலைஞராகிவிடுவதில்லை. துன்பத்தை உரக்கச் சொல்லிவிட்டால் அது கலையாகிவிடுவதும் இல்லை. பட்ட துயர் பாட்டாவது எவ்வாறு? பாட்டான பின் அத்துயர் யாருக்கு உரியது? இவ்விரு வினாக்களையும், திருத்தணிகை முருகன்மீது இளமையில் இராமலிங்கர் பாடிய பாடல்களை முன்வைத்து ஆராய விழைகின்றோம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகப் போற்றப்படும் மலைத்தலம். போர்ச் சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர்பெற்றது என்பது வழிவழி வரும் விளக்கம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கான வட எல்லைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ம. பொ. சிவஞானமே 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' என்னும் நூலுக்காக 1966ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆயினும் நாம் இங்கு நோக்குவது ஒருமைப்பாடு கண்ட வள்ளலாரை அன்று. அதற்கு முன் நின்ற இளங்கவிஞரை.

1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்கர், கைக்குழந்தையாய் இருக்கையிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தமையன் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவால் வந்த வருவாயைக் கொண்டு இல்லத்தைத் தாங்கினார். தம்பி கல்வியில் நாட்டம் கொள்ளாமை கண்டு சினந்து, அவருக்கு உணவிட வேண்டா எனத் தமையன் கட்டளையிட்டார் என்றும், அண்ணியார் மறைவில் உணவளித்தார் என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர். பின்னர் ஏழுகிணற்றுப் பகுதியில் இருந்த அவ்வீட்டின் மாடி அறையொன்றில், சுவரில் கண்ணாடியை வைத்து விளக்கேற்றி வழிபட்ட இளைஞர், அதில் தணிகை முருகனின் தோற்றம் கண்டார் என்பதும் அவர்கள் தரும் செய்தியே. தந்தையில்லாமை, வறுமை, வீட்டார் வருத்தம், தணிகைமேல் கொண்ட பற்று ஆகிய இவையே அப்பாடல்களின் விளைநிலம்.

தணிகைப் பாடல்கள் திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. குறையிரந்த பத்து, முறையிட்ட பத்து, பொறுக்காப் பத்து, நெஞ்சவலங் கூறல், ஆற்றாப் புலம்பல், ஏழைமையின் இரங்கல் என வரும் பதிகப் பெயர்களே அவற்றின் தன்மையை உணர்த்தப் போதியன. முறையிட்ட பத்தில், பொன்னையே பொருளாகக் கருதுவோரிடம் சென்று வறுமையால் இரந்து சலித்த நிலை பேசப்படுகின்றது. தணிகை என்னும் பெயரின் பொருளை எண்ணி இப்பாடல்களைப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும்: சினம் தணிந்த இடத்தில் தம் துயரும் தணியாதா என்னும் ஏக்கமே பதிகந்தோறும் விளங்குகின்றது. ஊர்ப்பெயர் இங்கே வெறும் விளியாக நில்லாமல் வேண்டுதலாகவே மாறிவிடுகின்றது.

இனி, இப்பாடல்களில் பேசும் 'நான்' யார்? இவ்வினாவில் வாசகர் பலர் இடறுகின்றனர். செல்வர் வாயிலில் நின்று நொந்தமை, புலன்வழிப்பட்டு அலைந்தமை, மனம் அடங்காமை எனத் தம்மேல் அவர் சுமத்திக்கொள்ளும் குற்றங்கள் பல. இவற்றை அப்படியே வாழ்க்கைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது. அடியார் தம்மையே குற்றவாளியாக நிறுத்திப் பாடுவது பத்தி இலக்கியத்தின் நெடிய மரபு. மணிவாசகர் முதலியோர் அவ்வழி சென்றவர். அதனால் இவை பொய்யான கூற்றுகள் என்பதும் பொருந்தாது. முன்னோர் வகுத்த வடிவத்தினுள் தம் பசியையும் தனிமையையும் ஊற்றியவர் இளைஞர். மரபு அவருக்குச் சொல் கொடுத்தது. வாழ்வு அச்சொல்லுக்கு உயிர் கொடுத்தது. தம் துயரை எவரும் அறியாத புதுமொழியில் சொல்ல வேண்டும் என அவர் முயலவில்லை. பலர் பாடித் தேய்ந்த சொற்களை எடுத்தாண்டமையாலேயே, அவரை அறியாதவரும் அப்பாடல்களைத் தம் வாயால் பாட முடிகின்றது.

குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். இத்தொகுதி முழுவதையும் ஒருசேரப் படிப்போர்க்குச் சலிப்பு தோன்றாமல் இராது. ஒரு பதிகத்தின் செய்யுளை எடுத்து மற்றொன்றில் வைத்தாலும் வேறுபாடு தோன்றாத இடங்கள் உள. மலை வருணனைகளும் அணிகளும் பல இடங்களில் மரபுக் களஞ்சியத்திலிருந்து அப்படியே வருவன. வாழ்வும் மரபும் சந்திக்கும் இடங்களில் பாட்டு எழுகின்றது. மரபு மட்டும் நிற்கும் இடங்களில் யாப்பு மட்டுமே எஞ்சுகின்றது.

இன்னொரு வினாவும் உண்டு. தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொள்ளும் பத்தி மொழி, பிறப்பால் இழிந்தவர் எனப் பிறரால் தூற்றப்பட்டோரின் வாயில் என்ன பொருள்படும்? தாழ்மை என்பது உயர்ந்தோன் தானே விரும்பி ஏற்கும்போது அறமாகின்றது. தாழ்த்தப்பட்டோன்மேல் சுமத்தப்படும்போது அது கொடுமைக்குத் துணையாகிவிடுகின்றது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' இதற்கு மாறான பாதையைக் காட்டிற்று. அங்கே தன் துயரைக் கூறும் குரல் தன்னை இகழ்ந்துகொள்ளவில்லை. தன்னை இகழ்ந்தோரை வினவுகின்றது. வழிபாட்டில் பாடுவதற்கான பாடல்களைத் தெரிவு செய்யும் ஆயர்கள் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இனி, கலைஞனின் வேட்கை பற்றி. தம் பாடல்களை அச்சேற்ற இராமலிங்கர் விரைந்தாரல்லர். இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர்கள் பன்முறை வற்புறுத்திய பின்னரே இசைந்தார். இராமலிங்கசாமி எனத் தம்மைக் குறிப்பிடுவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதனைத் தவிர்க்க வேண்டும் என்று கடிதமும் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் வெளியிட்ட பதிப்பில் முதல் நான்கு திருமுறைகளே இருந்தன. ஐந்தாம் திருமுறை 1880இல், அதாவது 1874 சனவரியில் இராமலிங்கர் சித்தி வளாகத்தில் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின்னரே வெளிவந்தது. இளமைத் துயரத்தின் பாடல்களை அவர் புகழுக்கு முதலாக்கவில்லை. துயரை உடனே மேடையேற்றிப் பாராட்டுப் பெற விழையும் இளங்கலைஞர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அத்துயர் எங்கே சென்றது? விடையை ஆறாம் திருமுறையின் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் காண்கின்றோம். அதிலும் தம் வாழ்வையே கூறுகின்றார். ஆனால் நோவுக்குக் காரணம் மாறிவிட்டது. பிறர் பசி கண்டு நடுங்கியமை, பிணியாளரைக் கண்டு பதைத்தமை, பயிர் வாடக் கண்டு தாமும் வாடியமை என விரிகின்றது அவ்விண்ணப்பம். உணவு மறுக்கப்பட்ட சிறுவனின் நினைவு, உணவற்ற எல்லாரையும் அறியும் கண்ணாயிற்று எனலாம். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டப்பட்ட அடுப்பு, இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. தணிகைப் பாடல்களின் மெய்யான முடிவுரையை நாம் அங்கேதான் படிக்கின்றோம்.

திருமறையின் புலம்பல் சங்கீதங்களை அறிந்த நமக்கு இந்நடை புதிதன்று. இருபத்திரண்டாம் சங்கீதம் கைவிடப்பட்ட ஒருவனின் கூக்குரலாகத் தொடங்குகின்றது. பின்னர் பெரிய சபைக்குள் நுழைந்து, எளியவர் உண்டு நிறைவடையும் நாளைக் காண்கின்றது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ இருளிலேயே முடிகின்றது. அதனையும் திருமறை ஒதுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு துயரும் மகிழ்ச்சியில் முடிந்தே தீர வேண்டும் எனப் பாடுவோரை நாம் கட்டாயப்படுத்தலாகாது. நம் கூட்டங்களில் துன்பம் உற்றோரை எழுப்பிச் சாட்சி கூறச் செய்து, வெற்றியில் முடியாத கதைகளைக் கேட்க மறுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது துயருற்றோர்க்கும் நன்றன்று, கலைக்கும் நன்றன்று.

எழுத முனையும் மாணவர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே: உம் துன்பத்தை எழுதுக. முன்னோர் மொழியைக் கற்று எழுதுக. எழுதியதை வெளியிட விரையாது வைத்திருந்து, அதனைப் படிக்கும் மற்றொருவர் தம் துயரை அதில் காண்பாரா என வினவுக. காண்பாராயின் அத்துயர் உமக்கு மட்டும் உரியதாய் இருத்தல் ஒழிந்தது, பாட்டு பிறந்துவிட்டது.