பெட்டியும் பட்டறையும்

கதை எழுதுவதைக் கல்லூரியில் கற்றுத் தர முடியாது என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இரண்டு வருஷத்தோடு கல்லூரியை விட்டவனுக்கு இந்தக் கொள்கை மிகவும் சௌகரியமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கொள்கையை இப்போது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆட்டிவிட்டது. வாசகர்கள் சிரிக்க வேண்டாம்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாகாணத்தில், ரெட்மண்ட் என்று ஓர் ஊர். அங்கே டிஜிபென் என்ற கல்லூரியில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வதையே பட்டப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். கணிதம், பௌதிகம், புரோகிராம் எழுதுவது எல்லாம் உண்டு. ஆனால் பரீட்சை எழுதிவிட்டால் மட்டும் போதாது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து விளையாட்டைச் செய்தே காட்ட வேண்டும். அப்படிச் சில மாணவர்கள் செய்து 2005ல் வெளிவந்தது 'நார்பாக்குலர் டிராப்'. சுவரிலோ தரையிலோ இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். அபாரமான கற்பனை. கதைதான் சோடை. முழங்கால் இல்லாத ஓர் இளவரசி; அதனால் குதிக்க முடியாதவள்; பாதாளச் சிறையில் அடைபட்டுக் கிடக்கிறாள். பிறர் சட்டையை இரவல் வாங்கிப் போட்டதுபோல், கதை விளையாட்டோடு ஒட்டவில்லை.

கல்லூரிக்கு ஆள் பார்க்க வந்த வால்வ் கம்பெனியார் இதைக் கண்டார்கள். குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கிம் ஸ்விஃப்ட் என்ற பெண்ணின் தலைமையில் அதே கற்பனை 2007ல் 'போர்ட்டல்' ஆக வந்தது. இளவரசியைக் காணோம். ஒரு பரிசோதனைச் சாலை. வாய் பேசாத ஒரு பெண். அவளை அறை அறையாகச் சோதிக்கும் யந்திரத்தின் குரல். பேச்சில் குழைவு, உள்ளே விஷம். ஆள் இல்லாத சுவர்களும் திறக்கும் வாசல்களும் இப்போது கதையாகவே ஆகிவிட்டன.

இதில் ஒரு பெட்டி வருகிறது. ஓர் அறையில் அதைக் கடைசி வரை தூக்கிச் செல்ல வேண்டும். ஒத்திகை பார்க்க அழைத்தவர்களோ அதைப் பாதி வழியில் மறந்துவிட்டுப் போனார்களாம். உடனே பெட்டியில் இருதய வடிவம் வரைந்தார்கள். வசனம் எழுதிய எரிக் வோல்பா, அது உன் துணைவன் என்று யந்திரத்தைச் சொல்ல வைத்தார். கடைசிக் கட்டத்துக்கு உலையை உபயோகிக்கக் கற்றுத் தர வேண்டியிருந்தது. அந்தத் துணைவனையே உலையில் போடச் சொன்னார்கள்! செய்தவர்களே சொல்லியிருக்கும் விவரம் இது. ஒரு மரப்பாச்சியைப் போல வாயில்லாத அந்தப் பெட்டிக்காக எத்தனையோ பேர் மனம் கலங்கினார்கள். சோகத்தைத் தேடி அவர்கள் போகவில்லை. ஆட்டக்காரன் தடுக்கிய இடத்தைப் பார்த்தார்கள். சோகம் அங்கே கிடைத்தது.

என் நாவல் ஒன்றில் ஒரு தாயின் சாவை ஒன்பது பக்கம் எழுதினேன். கண்ணீர் வரும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். வெகு நாள் கழித்து, என் தங்கை அதைப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினாள். "நன்றாயிருக்கிறது, அண்ணா" என்றாள். பதிப்பாளரும் விமரிசகரும் சொல்லாததை அவளுடைய விரல் சொல்லிவிட்டது.

வாசகனைப் பார்த்து எழுதினால் அவனுக்கு அடிமையாகிவிட மாட்டோமா? நியாயமான பயந்தான். ஆனால் இவர்கள் ஆட்டக்காரனிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுத்தவர்கள் அல்ல. பெட்டியை எரிக்க வேண்டும் என்று எவன் கேட்பான்?

இன்று இந்தப் படிப்பு நடக்கும் பல கல்லூரிகளில், சில மாதங்களோ ஒரு வருஷமோ கம்பெனியில் வேலை பழகுவதும் சேர்ந்திருக்கிறது. சம்பளத்துக்கு வழி என்று பெற்றோர் நினைக்கலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கையைப் பழக்கக் கல்லூரி போதும். கற்பனைக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் நம் வேலையை அனுபவிக்கும்போது, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பொறுமை பட்டறையில்தான் வருகிறது. எனக்கு அந்த இரண்டாம் பாடத்தை யாரும் வைக்கவில்லை.

இப்போது எழுதும் நாவலின் முதல் அத்தியாயத்தைத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். படிக்கும்போது நானும் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.