‘பரம்பரை நோய்’ என்னும் பிழை வழக்கு

முடக்குவாதம் ஒரு பரம்பரை நோய் என்று நலவியற் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் எளிதிற் கூறிவிடுதல் நம்மவரிடை வழக்காகிவிட்டது. அத்தொடர் உண்மைக்கு மாறானது. அதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

பரம்பரை நோய் என்றால், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தப்பாமல் வருவது என்றே தமிழ் மக்கள் பொருள் கொள்வர். கடுமையான தலசீமியா போன்றவற்றுக்கு அச்சொல் பொருந்தும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேரின் அந்நோயும் வந்தே தீரும். முடக்குவாதம் அத்தகையதன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் தோன்றுவது அது. ஒரே வகை மரபணுக்களை உடைய இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மற்றவருக்கும் இருத்தல் நூற்றுக்கு ஏறத்தாழ 15 இணைகளில்தான் என்று, பிரிட்டனில் 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. தப்பாமல் வருவதாயின் நூற்றுக்கு நூறாதல் வேண்டுமன்றோ?

ஆயின், மரபுக்குப் பங்கே இல்லையோ எனின், உண்டு. எச்.எல்.ஏ.–டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வகைகள், ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒத்த வரிசையைப் பெற்றுள்ளன என்பதை 1987இல் கிரெகர்சன் முதலிய அறிஞர் எடுத்துக்காட்டினர். அவற்றுள் 04:01 ஐரோப்பியரிடமும், 04:05 கீழையாசியரிடமும், 10:01 இந்தியரிடமும் குறிப்பிடத்தக்கவை. இவ்வகைகளை உடையார்க்கு நோய் வரும் வாய்ப்பு மிகுதி. எனினும், உடையார் பலர் நோயின்றியே வாழ்கின்றனர்.

எஞ்சிய பங்கு சூழலுக்கு உரியது. இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் இணைந்து, 2005 முதல் 2009 வரை மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடையும் தரவு திரட்டின. தொழிலிடத்தில் நெசவுத் தூசிக்கு ஆட்பட்ட பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு உயர்வதையும், மேற்கூறிய மரபணு வகையும் தூசியும் ஒருங்கே சேரின் அது பன்மடங்காவதையும் அவ்வாய்வு 2016இல் வெளியிட்டது. புகைபிடித்தலும் இவ்வாறே மரபோடு கூடித் தீங்கு செய்கிறது. துணி, ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பத்து பகாட்டைக் கொண்ட ஜொகூருக்கு இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. உலர்ந்த லாலாங் புல் தானே பற்றி எரிவதில்லை. பொறி ஒன்று விழுதல் வேண்டும்.

‘பரம்பரை நோய்’ என்னும் சொல்லோ பொறியை மறைத்துப் புல்லை மட்டும் பழிக்கிறது. தாயின் விரல்கள் கோணியிருப்பின் மகளின் திருமணப் பேச்சு தடைப்படுகிறது. வீட்டார் நோயை மறைக்கின்றனர். விடியலில் விரல்கள் இறுகும் மகளோ, வருவது வந்தது என்று தைலத்தோடு அமைகிறாள். தொடக்கத்திலேயே மருத்துவம் பெறின் மூட்டுகளைப் பெரும்பாலும் காக்கலாம். அக்காலம் வீணே கழிகிறது.

ஆதலின், ‘நோய்க்கு இடந்தரும் மரபுப் பாங்கு’ என்று எழுதுதலே தகும். தொடர் சற்று நீளமாயினும் பொருள் நேரானது. சாய்வை ஊழாக்கிக் கூறும் சொல்லைப் பாட அறையிலிருந்து முதலில் நீக்க வேண்டியவர் தமிழாசிரியரே.