ஏற்றிய ஹைலக்ஸுக்கு இறக்கிய ஹிட்ச்

மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இறங்கியவர்களுக்கு, ஹைலக்ஸை ஏன் ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. டிராக்டர் தடம் இருபுறமும் ஆழமாகி நடுவில் மண் மேடு தட்டிவிடும். கம்பெனி உயரத்தில் போனால் வண்டியின் வயிறு உரசும். ஜாசின் பக்கத்துப் பட்டறை ஒன்றில் என் வண்டிக்கு இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட்டேன். 265/65ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70ஆர்17 மாட்டினேன். பாதையில் இப்போது கவலையே இல்லை. கவனிக்க வேண்டியது பின்னால் இருக்கிறது: குலை ஏற்றும் டிரேலர்.

லிஃப்ட் கிட் தந்தது 51 மி.மீ. புது டயரின் விட்டம் பழையதைவிட 54 மி.மீ. அதிகம், அதில் பாதி, அதாவது 27 மி.மீ., அச்சை உயர்த்தும். ஆக மொத்தம் 78 மி.மீ., மூன்று அங்குலத்துக்குச் சற்றே கூட. பழைய ஹிட்ச்சிலேயே மாட்டினால் டிரேலரின் மூக்கும் அவ்வளவு தூக்கிக்கொள்ளும். மூக்கு தூக்கினால் சுமையின் பாரம் பின்னுக்குச் சாயும், ஹிட்ச் உருண்டையின்மேல் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த டிரேலர் வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் பெருகிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்க முடியாது.

இதற்கு மருந்துதான் உயரம் மாற்றக்கூடிய டிராப் ஹிட்ச். இரண்டு அங்குலச் சதுரக் குழாய்க்குள் நுழையும் தண்டு, அதிலிருந்து கீழே தொங்கும் கனத்த இரும்புப் பட்டை. பட்டையில் அங்குலத்துக்கு ஒரு ஜோடித் துளை. உருண்டை தாங்கும் கட்டையை வேண்டிய துளைக்கு நேராக வைத்து இரண்டு ஊசிகளைச் செருகிப் பூட்ட வேண்டும். கனமான சாமான், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊசி போடுவது சிரமம்.

எந்தத் துளை என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. பட்டறைப் பெரியவர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன்: "லோட் ஏத்திட்டு அளங்க தம்பி." வண்டித் தொட்டியில் வழக்கமாக ஏற்றும் உர மூட்டைகளை வைத்தால் பட்டை ஸ்பிரிங் தணியும். அந்த நிலையில்தான் உருண்டையின் உயரத்தை அளக்க வேண்டும். டிரேலரைச் சிமெண்டுத் தரையில் மட்டமாக நிறுத்தி, அதன் கிண்ணத்தின் உள்மேற்புறம் வரை டேப் பிடிக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துப்போகும் துளையே சரியானது. அளவு இரண்டு துளைகளுக்கு நடுவில் நின்றால், மூக்கு ஒரு விரற்கடை தாழட்டும், உயர வேண்டாம்.

அடுத்தது எடை. இதில்தான் நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். சுமையோடு டிரேலர் 750 கிலோ என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 75 கிலோ, உருண்டையில் அழுந்த வேண்டும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசே போதும்: அதன்மேல் மரக்கட்டை அடுக்கி, உருண்டை நிற்கும் உயரத்தில் மூக்கை இறக்கினால் எண் தெரிந்துவிடும். ஏற்றுகிறவர்கள் கைக்கு எட்டிய பின்பக்கமே குலைகளைக் குவித்துவிட்டால் 30 கிலோகூடக் காட்டும். அச்சிலிருந்து கிண்ணம் 2.2 மீட்டர் தள்ளியிருக்கும் டிரேலரில், இருபது கிலோக் குலை ஐந்தை ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினால் 45 கிலோ கூடும். கணக்கு நேராகிவிடும், செலவும் இல்லை.

உருண்டை வாங்கும்போது அதன் தலையில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 50 மி.மீ. உருண்டையும் இரண்டு அங்குலமும், அதாவது 50.8 மி.மீ., ஒன்றுபோலத் தோன்றும். ஆபத்தானது ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு மேலே அரைக்கால் கூடிய 47.6 மி.மீ. உருண்டை. பெரிய கிண்ணம் அதன்மேல் பூட்டிக்கொண்டது போலவே இருக்கும். பள்ளத்தில் ஒரு குலுக்கலில் கழன்றுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கீழே இறங்கிய பட்டை, லிஃப்ட் கிட் தந்த பின்பக்க உயரத்தைத் தின்றுவிடுகிறது. டிரேலர் இல்லாமல் தோட்டத்துக் கான்களைக் கடக்கும்போது கரையில் உரசும். அதனால் கழற்றி வைத்துவிட்டே போகிறேன். சதுரக் குழாய்க்குள் சற்று இடைவெளி இருப்பதால் லொடலொட என்று சத்தம் உண்டு. இறுக்கும் கவ்வி போட்டால் அடங்கும். நீளமான தண்டை வாங்காதீர்கள். உருண்டை பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருந்தாலே, 75 கிலோ அழுத்தம் முன் அச்சிலிருந்து 32 கிலோவைக் குறைக்கிறது. தள்ளிப்போகப் போக முன் சக்கரம் இன்னும் இலகுவாகும், ஈரத் தாரில் திரும்பும் பிடிப்பு குறையும்.

உயரம் மாறியதும் பாதுகாப்புச் சங்கிலிகளையும் மின்வயரையும் மறுபடி பார்க்க வேண்டும். சங்கிலிகள் குறுக்காகப் போக வேண்டும். திரும்ப இடம் கொடுக்க வேண்டும், தரையில் இழுபடக் கூடாது. வேகமானி 80 காட்டும்போது பெரிய டயரில் உண்மை வேகம் கிட்டத்தட்ட 86. ஹெட்லைட்டையும் சுமையோடு தணித்து வையுங்கள், எதிரில் மோட்டார் சைக்கிளில் வருபவர் கண் கூசித் தடுமாறுவார். வண்டி அமைப்பை மாற்றியதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும்; தோட்டத்தைத் தாண்டிச் சாலைக்கு வரும் டிரேலரும் பதிவாகி இருக்க வேண்டும்.

இரண்டு அங்குல லிஃப்ட் வரை இந்த ஹிட்ச்சைத் தயங்காமல் வாங்கலாம். நான்கு, ஆறு அங்குலம் ஏற்றிய வண்டியில் டிரேலர் இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். அவ்வளவு நீளமாகத் தொங்கும் பட்டை, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹிட்ச் குழாயை முறுக்கும். வாங்கும்போது எந்தத் துளைக்கு எவ்வளவு எடை என்று பட்டையில் பொறித்திருக்கிறதா பாருங்கள். முதல் லோட் இறக்கியதும் உருண்டையின் அடி நட்டை டார்க் ரெஞ்சில் மறுபடி முறுக்குங்கள்.