சரியாகச் சொன்னவருக்கு மட்டும்தானா சுதந்திரம்?

லைசென்கோ பற்றிப் பேச்செடுத்தாலே நம் தோழர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: ‘அந்தாளு சொன்னது தப்புன்னு பின்னாடி அறிவியலே காட்டிருச்சே, இன்னும் எதுக்கு அதையே கிளர்றீங்க?’ என் சிக்கலே இந்தப் பதிலில்தான் இருக்கிறது. மலிவு விலைச் சோவியத் அறிவியல் நூல்களைப் படித்து வளர்ந்தவன் நான். வாவிலோவ் எப்படிச் செத்தார் என்று அவற்றில் படித்ததாக எனக்கு நினைவில்லை.

நாடு நாடாக அலைந்து விதை சேகரித்தவர் நிகோலாய் வாவிலோவ். பயிர்களின் பூர்வீகத்தைத் தேடியவர். 1940 ஆகஸ்டில் கைது. 1941இல் மரண தண்டனை. மறு ஆண்டு அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் பசியால் நலிந்து இறந்தார். முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில், அவர் சேர்த்த விதைகளைத் தின்னாமல் காத்த ஊழியர்கள் சிலரும் பட்டினியில் மாண்டார்கள். 1948 ஆகஸ்டில் வேளாண் அறிவியல் கழகக் கூட்டத்தில், தன் அறிக்கையை மத்தியக் குழு அங்கீகரித்துவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். விவாதம் அத்தோடு முடிந்தது.

மரபியலில் வாவிலோவ் சொன்னது சரி என்பதால்தான் அவரைச் சிறையிட்டது குற்றமா? தப்பாயிருந்தால் பரவாயில்லையா? 1930களின் தொடக்கத்தில் லைசென்கோவை ஊக்குவித்தவர்களில் அவரும் ஒருவர். ஆய்வாளர் தப்புப் பண்ணுவார்தான். அதற்கு மறுப்புக் கட்டுரை இருக்கிறது, சிறை எதுக்கு? ‘சரியாகச் சொன்னால் உனக்கு உரிமை உண்டு’ என்கிறபோது, எது சரி என்று அளக்கும் கோலை அதிகாரத்தின் கையில் நாமே கொடுத்துவிடுகிறோம்.

‘மேதைகளைக் காப்பாற்றுங்கள்’ என்ற தாராளவாதக் குரலும் எனக்கு உவப்பில்லை. 1964இல் லைசென்கோவின் கூட்டாளி நுழ்தீனை அறிவியல் கழக உறுப்பினராக்கும் முயற்சியை எதிர்த்து சகாரவ் பேசினார். ரகசிய வாக்கெடுப்பில் நுழ்தீன் தோற்றார். 1973இல் அதே கழகத்தின் 40 உறுப்பினர்கள் சகாரவைக் கண்டித்து பிராவ்தாவில் பெயர்போட்டுக் கையெழுத்திட்டார்கள். மேதைமைக்கு இரண்டு முறையும் குறைச்சல் இல்லை. முதல் முறை கையில் ரகசியச் சீட்டு இருந்தது. இரண்டாம் முறை பெயர் வெளியே தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹைட்ரஜன் குண்டு செய்தவரை 1980இல் கார்க்கி நகரில் ஒதுக்கிவைத்தார்கள். விதை சேர்த்தவரைச் சிறையில் சாகவிட்டார்கள். அரசுக்கு எவ்வளவு பயன்பட்டார் என்று பார்த்து ஒருவரின் உயிரை மதிப்பிடுவதை நாமும் ஏற்கப் போகிறோமா? பேர் தெரியாத ஆய்வகப் பணியாளருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல ஒரு சீட்டு வேண்டும்.

நம்ம அமைப்புகளில் அந்தச் சீட்டு இருக்கா? கேட்டுப் பாருங்க.