பெயரும் உரிமையும்

விஞ்ஞானத்துக்குத் தேசமில்லை என்று மேடைகளிற் பேசுவோர், எயிட்ஸ் நோயின் வைரசுக்குப் பெயரிட்ட வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தல் நன்று.

1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்ரானியே ஆகியோர் அடங்கிய குழு, நோயாளியொருவரின் நிணநீர்க்கணுவிலிருந்து புதிய வைரசொன்றைப் பிரித்தெடுத்தது, அது 'எல்.ஏ.வி.' எனப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் றொபேட் கலோ தமது வைரசை 'எச்.ரி.எல்.வி.-3' என அறிவித்தார். சன் பிரான்சிஸ்கோவில் ஜே லீவி மூன்றாவது பெயரொன்றைச் சூட்டினார்.

கலோவின் பெயரை வெறுங் குறியீடாக நாம் கொள்ளலாகாது. அவரது ஆய்வுகூடம் முன்னர் கண்ட வைரசுகளின் இளவலாக இதனையும் அது ஆக்கிவிடுகிறது. பெயரை ஏற்றால் அவரது உரிமையையும் பாதி ஏற்றதாகிவிடும். ஆனால் 1985இல் மரபணு அமைப்பு வெளிவந்தபோது அவ்வுறவு நிலைக்கவில்லை.

ஹரோல்ட் வார்மஸ் தலைமையில் அமைந்த சர்வதேசக் குழு 1986 மே மாதத்தில் 'மனித நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசு' என்ற பெயரை முன்வைத்தது. எச்.ஐ.வி. என நாமறிவது இதுவே. கலோ கையொப்பமிடவில்லை. இக்குழுவின் செயல்களில் எமது மதிப்புக்குரியது, 'எயிட்ஸ்' எனும் சொல்லைப் பெயரிற் சேர்க்காமையே. வைரசு தொற்றியும் நோய் தோன்றாதோர் பலர். பரிசோதனைத் தாளில் அச்சொல்லைக் காண்பவனின் நெஞ்சம் என்ன பாடுபடும்! ஆராய்ச்சியாளரின் பூசலிடையே நோயாளியை நினைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் பெயர் பொதுவானதால் காசு பொதுவாகிவிடவில்லை. இரத்தப் பரிசோதனைக்கான காப்புரிமையைப் பாரிஸ் 1983 டிசம்பரிலேயே கோரியிருந்தது. பின்னர் விண்ணப்பித்த அமெரிக்கருக்கே 1985இல் அது வழங்கப்பட்டது. வழக்கு மூண்டது. 1987இல் ஜனாதிபதி றேகனும் பிரதமர் ஷிராக்கும் உடன்பாடு கண்டனர். அதனோடு, இரு தரப்பாரும் இசைந்த 'ஆராய்ச்சி வரலாறு' ஒன்றும் வெளியாயிற்று. யார் எப்போது எதைக் கண்டார் என்பதைப் பேரம்பேசித் தீர்மானிப்பதை வரலாறு என்று கூற எமக்கு நாவெழவில்லை. தமது வைரசு பாரிசிலிருந்து வந்த மாதிரியினதே என்பதைக் கலோ 1991இல் ஒப்புக்கொண்டார்.

2008இல் பாரே-சினூசிக்கும் மொன்ரானியேக்கும் நோபல் பரிசு கிடைத்தது, கலோவுக்கு இல்லை. இதனால் அவரை வெறும் திருடராகச் சித்திரிப்போருடன் எமக்கு உடன்பாடில்லை. வைரசே நோய்க்குக் காரணமென்பதற்கு 1984இல் வலுவான சான்று தந்தது அவரது குழு. பாரிஸ் ஆய்வாளர் தமது உயிரணுக்களை வளர்க்கப் பயன்படுத்திய வளர்ச்சிக் காரணியும், 1976இல் அவரது ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டதே.