ஆல் இந்தியாவுக்குப் போகும் நான்கு அணிகள்

பல்கலைக்கழகக் கால்பந்தில் இறுதிக் கட்டத்துக்கான தகுதி விதி ஒரே வரியில் அடங்கிவிடும்: மண்டலப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வர வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அவற்றிலிருந்து வரும் 16 அணிகள் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கு மோதுகின்றன. அங்கே முதல் எட்டில் வந்தால், 2020-இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் இடம் உண்டு.

விதியின் நேர்மையில் குறை சொல்ல முடியாது. அழைப்பிதழுக்கோ சிபாரிசுக்கோ அங்கே வேலையில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வேறு ஆட்டம்தான்; ஆனாலும் அதன் பருவ இறுதி ‘பவுல்’ ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே 12 ஆட்டங்களில் ஆறு வென்ற அணிக்குத் தகுதி உண்டு. ஆனால் எந்த ஆட்டத்துக்கு யாரை அழைப்பது என்பதில் வணிகக் கணக்கு புகுந்துவிடும். 2015-இல் 80 இடங்களுக்கு 77 அணிகளே தேறின. மீதி மூன்று இடங்கள் ஐந்தே வெற்றி பெற்ற நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் அணிகளுக்குப் போயின. வீரர்களின் படிப்பு முன்னேற்றத்துக்கான மதிப்பெண்தான் அவற்றைக் கரையேற்றியது. வேடிக்கை என்னவென்றால், மூன்றுமே தத்தம் ஆட்டத்தில் வென்றன.

ஆனாலும் அமெரிக்க விதி ஒரு பருவம் முழுவதையும் பார்க்கிறது. நம் விதி ஒரு நாளைப் பார்க்கிறது. தென்மண்டலப் போட்டி வழக்கமாக நாக் அவுட் முறையில் நடக்கும். கடைசி நான்கு அணிகள் மட்டுமே லீக் ஆடும். முதல் நாளே பெனால்டியில் தோற்ற அணி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கேரளத்தின் வலுவான அணிகள் நிறைந்த தென்மண்டலத்துக்கும் மற்ற மண்டலங்களுக்கும் ஒரே அளவாக நான்கு இடங்கள் என்பதும் கேள்விக்குரியது.

கொல்லிமலையிலிருந்து பார்த்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். செம்மேட்டு மாணவர் ஒருவர் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் சேர்கிறார் என்று கொள்வோம். கல்லூரி அணியில் இடம்பிடித்து, பெரியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் கண்ணில் பட்டு, செலக்‌ஷனில் தேறினால்தான் ‘யூனிவர்சிட்டி டீம்’. இத்தனை படி ஏறியவருக்கு சவுத் ஜோனில் கிடைப்பது 90 நிமிடமாகவே முடிந்துபோகலாம். விளையாட்டு உதவித்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் தனியார் பல்கலைக்கழகம் எதிரே நின்றால் அப்படி முடியவே வாய்ப்பு அதிகம்.

முழுநேர மாணவர் மட்டுமே ஆடலாம் என்ற நிபந்தனை தேவையானது. அது இல்லாவிட்டால் பெயருக்குச் சேர்ந்த கிளப் வீரர்களால் அணிகள் நிரம்பிவிடும். அதே நிபந்தனை, காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு தொலைநிலைக் கல்வியில் படிக்கும் மலையாளிப் பழங்குடி இளைஞரையும் வெளியே நிறுத்துகிறது. வகுப்புக்குப் போகிறவருக்கும் சிக்கல் உண்டு: மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களிலேயே வருகின்றன, வீட்டில் ஆள் தேவைப்படும் காலம் அது.

ஒரே ஆட்டத்தில் வெளியேறும் குறையைத் தீர்க்க மண்டலப் போட்டியையே குழு லீக்காக மாற்றினால் நாட்கள் கூடும். நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு மைதானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் செலவு. அதைவிடச் சுலபமானது, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கல்லூரிகளுக்குள் மாவட்ட வாரியாக லீக் நடத்துவது. நாமக்கல், ராசிபுரம் கல்லூரிகள் ஒன்றோடொன்று ஆட பேருந்துக் கட்டணத்துக்கு மேல் பெரிதாக ஆகாது. அகில இந்தியத் தகுதி விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே இதைத் தொடங்கிவிடலாம்.